கணிப்பொறி எதற்காகக் காத்திருக்கிறது?

தேர்வு முடிவு வெளியாகும் நாள். காலை மணி 10. கல்லூரியின் இணையப் பக்கத்தைத் திறந்து, பதிவெண்ணை இட்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறீர்கள். பக்கம் வரவில்லை. ஒரு நிமிடம் ஆகிறது. இரண்டு நிமிடம் ஆகிறது. பொறுமை இழந்து மீண்டும் அழுத்துகிறீர்கள். உங்களைப் போலவே இன்னும் பல நூறு மாணவர்கள் அதே நேரத்தில் அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அருகில் நிற்கும் தந்தையார், "இந்தக் கம்ப்யூட்டர் பழசு, புதிதாக ஒன்று வாங்கி வைக்கக்கூடாதா?" என்று சலித்துக்கொள்கிறார்.

அந்தக் கணிப்பொறி உண்மையிலேயே மெதுவானதுதானா? அது இருக்கும் அறைக்குள் சென்று பார்த்தால் நமக்கு வியப்பு காத்திருக்கும். கணக்கிடும் உறுப்பாகிய செயலி அநேகமாகச் சும்மா இருக்கிறது! நேற்று வரை நொடிப்பொழுதில் விடை தந்த இயந்திரம் இன்று ஏன் வேலை செய்யாமல் நிற்கிறது? அதனைக் கண்டறிந்து சீர்செய்வது கணிப்பொறி நிர்வாகியின் பணி. அவர் எதைப் பார்க்கிறார், எதைத் திருத்துகிறார், எதைத் தொடாமல் விடுகிறார் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விநாடியை நீட்டிப் பார்ப்போம்

கணிப்பொறிக்குள் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. இன்றைய செயலி ஒன்றின் துடிப்பு விநாடிக்கு 300 கோடி, அதாவது 3 ஜிகாஹெர்ட்ஸ், என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் விநாடியில் 300 கோடியில் ஒரு பங்கு. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுத்துவர ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகிறது. ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் 100 கோடியில் ஒரு பங்கு.

சுழலும் வட்டு இவற்றினும் மிக மெதுவானது. அது நிமிடத்திற்கு 7,200 முறை சுற்றுவதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி ஆகும். வேண்டிய செய்தி படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. அதற்கு முன் முனை உரிய தடத்திற்கு நகர வேண்டும். அதற்கு 8 மில்லி விநாடி ஆகலாம். ஆக மொத்தம் சுமார் 12 மில்லி விநாடி.

இந்த எண்கள் யாவும் நம் கண்ணுக்கு எட்டாத சிறு நேரங்கள். எனவே அவற்றை நீட்டிப் பார்ப்போம். செயலியின் ஒரு துடிப்பை ஒரு முழு விநாடி என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கில் நினைவகத்திலிருந்து ஒரு செய்தி வருவதற்கு 5 நிமிடம் ஆகும். சுழலும் பகுதியே இல்லாத திண்ம நிலை வட்டிலிருந்து வருவதற்கு, அதன் நேரத்தை 100 மைக்ரோ விநாடி என்று கொண்டால், மூன்றரை நாள் ஆகும். சுழலும் வட்டிலிருந்து வருவதற்கோ ஓராண்டுக்கும் மேலாகும்!

இப்போது செயலியின் நிலையை எண்ணிப் பாருங்கள். விநாடிக்கு ஒரு வேலை முடிக்கும் கெட்டிக்காரர் அவர். ஆனால் அடுத்த வேலைக்கு வேண்டிய காகிதம் வட்டில் இருக்கிறது. அது வந்துசேரும் வரை ஓராண்டு காத்திருக்க வேண்டும். கணிப்பொறி மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அது மெதுவாக வேலை செய்வதில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிறு மேசையும் பெரிய அலமாரியும்

நீங்கள் படிக்கும் மேசையை நினைவகத்திற்கும், அடுத்த அறையிலுள்ள அலமாரியை வட்டுக்கும் ஒப்பிடலாம். மேசையில் 4 புத்தகங்களை விரித்துவைக்க இடம் உண்டு. ஐந்தாவது புத்தகம் வேண்டுமானால், மேசையிலுள்ள ஒன்றை எடுத்துச் சென்று அலமாரியில் வைத்துவிட்டு, வேண்டியதைக் கொண்டுவர வேண்டும். எப்போதாவது ஒருமுறை இப்படி நடந்தால் தொல்லை ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டைக் கணிப்பொறி தானே செய்துகொள்ளும் முறை இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று. டாம் கில்பர்ன் என்பவரின் தலைமையில் அமைக்கப்பட்ட அட்லஸ் என்னும் கணிப்பொறி 1962 டிசம்பரில் இயக்கிவைக்கப்பட்டது. அதன் வேகமான நினைவகம் சிறியது. உடனிருந்த காந்த உருளை பெரியது, ஆனால் மெதுவானது. அட்லஸ் இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகம் போல நிரல் எழுதுவோருக்குக் காட்டியது. செய்திகள் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டன. வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால், கணிப்பொறியே அதனை உருளையிலிருந்து கொண்டுவந்தது. இடம் போதாவிட்டால் வேறொரு பக்கத்தை வெளியேற்றியது. நிரல் எழுதியவர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

மெய்நிகர் நினைவகம் எனப்படும் இந்த ஏற்பாடு இன்று நம் மேசைக் கணிப்பொறியிலும் கைபேசியிலும் கூட இருக்கிறது. வெளியேற்றப்படும் பக்கங்களை வைப்பதற்கு வட்டில் ஒதுக்கும் இடத்தை ஸ்வாப் அல்லது மாற்றுப் பகுதி என்பர்.

அலைக்கழிவு

இந்த அருமையான ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய 1960-களில் அது வெளிப்பட்டது. நிரல்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும்போது முதலில் கணிப்பொறி கூடுதலாக வேலை செய்தது. ஓர் எல்லைக்குப் பிறகு இன்னும் ஒரே ஒரு நிரலைச் சேர்த்ததும், வேகம் சிறிது குறைவதற்குப் பதிலாக அடியோடு விழுந்தது.

காரணம் என்ன? மீண்டும் மேசைக்கு வருவோம். ஒரு கணக்கைச் செய்வதற்கு மாறிமாறி 5 புத்தகங்கள் வேண்டும். மேசையிலோ 4-க்குத்தான் இடம். ஒவ்வொரு வரி எழுதுவதற்கும் ஒருமுறை அடுத்த அறைக்கு ஓட வேண்டும். இப்போதுதான் வைத்துவிட்டு வந்த புத்தகமே அடுத்த வரிக்கு வேண்டியிருக்கும். நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருப்பீர்கள், கணக்கு நகராது. இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் த்ராஷிங் என்று பெயர். நாம் அலைக்கழிவு எனலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு செய்த பீட்டர் டென்னிங் 1968-ல் இதற்கு விளக்கமும் தீர்வும் அளித்தார். எந்த நிரலும் தன் பக்கங்கள் எல்லாவற்றையும் எப்போதும் பயன்படுத்துவதில்லை. ஒரு குறுகிய காலத்தில் குறிப்பிட்ட சில பக்கங்களையே திரும்பத் திரும்ப நாடுகிறது. இதனை அவர் அந்த நிரலின் வேலைத் தொகுப்பு என்று கொண்டார். ஓடுகின்ற நிரல்கள் அனைத்தின் வேலைத் தொகுப்புகளும் நினைவகத்தில் அடங்கும் வரை எல்லாம் நலமே. அடங்காது என்றால் புதிய நிரலை உள்ளே விடாமல் வாசலில் நிறுத்திவைக்க வேண்டும்.

இது நம் இயல்பான எண்ணத்திற்கு நேர்மாறானது அல்லவா? கூட்டம் அதிகமானால் கதவை அகலத் திறக்கவே நமக்குத் தோன்றும். டென்னிங் சொன்னதோ, கதவில் ஒருவரை நிறுத்தி அளவாக உள்ளே விட வேண்டும் என்பது. இந்தக் கருத்து எப்படிப் பயன்படுகிறது என்பதைத் தேர்வு முடிவு நாளிலேயே பார்ப்போம்.

ஒரு கணக்கு

உதாரணத்திற்காக ஒரு கல்லூரியின் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதில் 4 செயலிகள், 4,096 மெகாபைட் நினைவகம், சுழலும் வட்டு ஒன்று. வட்டில் 16 ஜிகாபைட் மாற்றுப் பகுதி. இயக்க முறைமை லினக்ஸ். இணையப் பக்கங்களைப் பரிமாறுவது அப்பாச்சி என்னும் நிரல். இது 1995 முதல் உலகெங்கும் பயன்பட்டு வருவது.

அப்பாச்சியைப் பலவிதமாக இயக்கலாம். அவற்றுள் பிரிஃபோர்க் என்ற பழைய முறையில், வரும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனிப் பணியாள் அமர்த்தப்படுகிறார். பணியாள் என்றதும் மனிதரை நினைக்க வேண்டாம்; அது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒரு பிரதியே. ஒரே நேரத்தில் எத்தனை பணியாட்கள் இருக்கலாம் என்பதற்கு அமைப்புக் கோப்பில் ஓர் உச்ச எண் உண்டு. நாம் ஒன்றும் எழுதாவிட்டால் அந்த எண் 256.

நம் கல்லூரியில் ஒரு பணியாளுக்கு 60 மெகாபைட் நினைவகம் தேவை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் ஒரே நேரத்தில் 20 பேர் வந்தால் 20 பணியாட்களுக்கு 1,200 மெகாபைட். இது தாராளமாக அடங்கும். முடிவு வெளியாகும் நாளில் ஒரே நேரத்தில் 500 பேர் வருகிறார்கள். உடனே பணியாட்கள் 256 வரை பெருகுகிறார்கள். 256-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 15,360 மெகாபைட்! இருப்பதோ 4,096. எஞ்சிய பக்கங்கள் மாற்றுப் பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. அலைக்கழிவு தொடங்கிவிட்டது.

வட்டு ஒரு பக்கத்தைக் கொண்டுவர 12 மில்லி விநாடி ஆகும் என்று கண்டோம். ஆகவே விநாடிக்குச் சுமார் 80 பக்கங்களைத்தான் அது கொண்டுவர முடியும். ஒரு மாணவருக்கு விடை அனுப்ப 50 பக்கங்கள் வட்டிலிருந்து மீள வேண்டும் என்று கொள்வோம். அப்படியானால் 80-ஐ 50-ஆல் வகுக்க, விநாடிக்கு 1.6 மாணவர்களுக்கே விடை கிடைக்கும். 500 பேருக்கும் விடை போய்ச்சேர 5 நிமிடத்திற்கு மேல் ஆகும். வெளியேற்றும் பக்கங்களை எழுதும் வேலை இதில் சேரவில்லை. பொறுமையிழந்தவர்கள் மீண்டும் அழுத்தும் பொத்தான்களும் சேரவில்லை. அவை ஒவ்வொன்றும் புதிய வேண்டுகோளாக வந்து வரிசையை நீட்டும்.

செயலிகள் என்ன செய்கின்றன? ஒரு மாணவருக்கான கணக்கு வேலை 0.04 விநாடி என்றால், விநாடிக்கு 1.6 பேருக்கு 0.064 விநாடி வேலை. நான்கு செயலிகளிடமும் சேர்ந்து விநாடிக்கு 4 விநாடி உழைப்பு இருக்கிறது. அதில் 100-க்கு 2 பங்குகூடப் பயன்படவில்லை! இருமடங்கு வேகமான செயலியை வாங்கிப் போட்டாலும் மாணவருக்கு விடை முன்னதாகக் கிடைக்கப் போவதில்லை.

ஜீன் ஆம்டால் என்ற கணிப்பொறி வல்லுநர் 1967-ல் எடுத்துக்காட்டிய உண்மையும் இதுவே. பேருந்துக்காக 54 நிமிடம் நின்று, 6 நிமிடம் பயணம் செய்கிறீர்கள். பேருந்தின் வேகத்தை இருமடங்காக்கினால் உங்களுக்கு மிச்சமாவது 3 நிமிடம். எந்தப் பகுதியில் நேரம் செலவாகிறதோ அதைத் திருத்தினால்தான் பயன்.

நாடி பார்த்தல்

நிர்வாகி இதை எப்படிக் கண்டறிகிறார்? ஊகத்தால் அன்று, அளந்து பார்த்து. லினக்ஸில் வி.எம்.ஸ்டாட் என்றொரு சிறிய கட்டளை உண்டு. அதன் பின்னால் 5 என்ற எண்ணைச் சேர்த்துக் கொடுத்தால் 5 விநாடிக்கு ஒரு வரியாக இயந்திரத்தின் நிலையை அச்சிடும். முதல் வரியை நம்பக்கூடாது. அது கணிப்பொறியை இயக்கிய நேரம் முதல் இன்று வரையிலான சராசரி. இரண்டாவது வரியிலிருந்து படிக்க வேண்டும்.

அதில் எஸ்.ஐ., எஸ்.ஓ. என்று இரு பத்திகள் இருக்கும். மாற்றுப் பகுதியிலிருந்து உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அவை காட்டும். எப்போதாவது சிறு எண் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டிலும் பெரிய எண்கள் வரிக்கு வரி தொடர்ந்து வந்தால் அது அலைக்கழிவின் அடையாளம். டபிள்யூ.ஏ. என்ற பத்தி, வட்டுக்காகக் காத்துக்கொண்டு செயலி சும்மா இருந்த நேரம் நூற்றில் எத்தனை பங்கு எனச் சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. லோட் ஆவரேஜ் எனப்படும் சுமைச் சராசரி 40, 50 என்று ஏறியிருப்பதைக் கண்டு, செயலிக்கு வேலை மிகுதி என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். லினக்ஸில் வட்டுக்காகக் காத்திருக்கும் பணிகளும் அந்த எண்ணில் சேரும். ஆகவே செயலி ஓய்வாக இருக்கும்போதே அது உயர்ந்து நிற்கலாம். காய்ச்சல் உண்டு என்பதைத்தான் அந்த எண் சொல்லும்; எந்த நோயால் என்பதை வேறு சோதனைகள்தாம் சொல்ல வேண்டும்.

முதல் திருகு

இனி மருந்து. இயக்க முறைமைக்கும், மதிப்பெண்களை வைத்திருக்கும் தரவுத்தளத்திற்கும், பிறவற்றிற்கும் 1,096 மெகாபைட்டை ஒதுக்கிவைப்போம். எஞ்சியிருப்பது 3,000. அதை 60-ஆல் வகுத்தால் 50. அமைப்புக் கோப்பில் 256 என்ற உச்ச எண்ணை 50 ஆக்குகிறார் நிர்வாகி. பணியாட்களைக் குறைத்து வேகத்தைக் கூட்டும் வேடிக்கை இதுதான்! எஞ்சியவர்கள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். உள்ளே இருக்கும் 50 பேரின் பக்கங்கள் யாவும் நினைவகத்தில் அடங்கிவிட்டதால் யாரும் வட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

60 மெகாபைட் என்பதை அளக்கும்போது கவனம் தேவை. பணியாட்கள் எல்லோரும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் பகுதியும் ஒவ்வொருவர் கணக்கிலும் காட்டப்படுவது உண்டு. அதைக் கழித்து, ஒவ்வொருவருக்கும் தனித்து வேண்டிய அளவையே எடுக்க வேண்டும். இல்லையேல் தேவைக்கு மேல் கதவை மூடிவிடுவோம்.

இரண்டாம் திருகு

செயலிகளின் கணக்குப்படி விநாடிக்கு 100 பேருக்கு விடை கிடைக்க வேண்டும். 4 விநாடி உழைப்பை 0.04-ஆல் வகுத்தால் வருவது இந்த 100. ஆனால் சோதித்துப் பார்த்தால் 10 பேருக்குக் கூடக் கிடைக்கவில்லை. ஏன்?

விடையை அனுப்பிய பிறகும், "இன்னும் ஏதேனும் வேண்டுமா?" என்று கேட்பவர்போலப் பணியாள் அதே பயனருடன் சிறிது நேரம் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருப்பார். அப்பாச்சியில் இந்த நேரம் வழக்கமாக 5 விநாடி. பல படங்கள் கொண்ட பக்கத்திற்கு இது நல்ல ஏற்பாடு. ஒரே பக்கத்தில் மதிப்பெண்ணைக் காட்டி முடிக்கும் நம் வேலைக்கோ அந்த 5 விநாடியும் வீண். 50 பணியாட்கள் ஒவ்வொருவரும் 5 விநாடி சும்மா நின்றால் விநாடிக்கு 10 பேருக்கு மேல் எப்படிக் கவனிக்க முடியும்? 500 பேருக்கும் 50 விநாடிக்கு மேலாகிவிடும்.

நிர்வாகி அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுகிறார். இப்போதுதான் செயலிகள் முழுமூச்சாக வேலை செய்கின்றன. விநாடிக்கு 100 பேர். 500 பேருக்கும் ஏறத்தாழ 5 விநாடி. 5 நிமிடம் 5 விநாடி ஆயிற்று! புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. கோப்பில் இரண்டு வரிகளைத் திருத்தியதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் தடையை நீக்கியதும் இரண்டாவது தடை தென்பட்டது. அதை நீக்கியதும் செயலியே எல்லையாயிற்று. சாலையில் ஒரு குறுகலான பாலத்தை அகலமாக்கினால் நெரிசல் அடுத்த பாலத்திற்கு நகர்வதைப் போன்றது இது. இனி இன்னும் வேகம் வேண்டுமென்றால், அப்போது வேகமான செயலி வாங்குவதில் பொருள் உண்டு. அதற்கு முன் வாங்கியிருந்தால் பணம் வீண்.

பயன் தராத மருந்துகள்

கணிப்பொறியைத் திருத்தும் ஆர்வத்தில் பலர் செய்யும் சில தவறுகளையும் அறிந்துகொள்வது நல்லது.

நினைவகத்தில் காலி இடம் குறைவாக இருப்பதைக் கண்டு பதறி, வட்டுத் தேக்ககத்தைத் துடைத்துவிடுவது முதல் தவறு. வேறு யாரும் கேட்காத நினைவகத்தில், அண்மையில் படித்த கோப்புகளின் பிரதிகளை லினக்ஸ் வைத்துக்கொள்கிறது. மீண்டும் கேட்டால் வட்டுக்குப் போகாமல் தரலாம் அல்லவா? நிரல்கள் இடம் கேட்டால் அதை உடனே விட்டுக்கொடுக்கும். துடைத்துவிட்டால் எல்லாவற்றையும் மீண்டும் வட்டிலிருந்து படிக்க நேரும். ஃப்ரீ என்ற கட்டளை காட்டும் பட்டியலில், ஃப்ரீ என்ற பத்தியைவிட அவெய்லபிள் என்ற பத்தியைப் பார்ப்பதே முறை.

ஸ்வாப்பினஸ் என்ற எண்ணைக் குறைத்துவிட்டு, தொல்லை தீர்ந்தது என்று நினைப்பது இரண்டாவது. லினக்ஸில் அது வழக்கமாக 60. இடம் தேவைப்படும்போது நிரல்களின் பக்கங்களை வெளியேற்றுவதா, கோப்புகளின் பிரதிகளைக் கைவிடுவதா என்பதில் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. இல்லாத நினைவகத்தை அது உண்டாக்காது. 15,360 மெகாபைட் கேட்கும் கூட்டம் 4,096-இல் எந்த எண்ணை மாற்றினாலும் அடங்காது.

மாற்றுப் பகுதியை அறவே நீக்கிவிடுவது மூன்றாவது. அலைக்கழிவு இதனால் நிற்கலாம். ஆனால் நினைவகம் முற்றிலும் தீரும் நிலையில், லினக்ஸ் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று இடம் தேடும். நினைவகத்தை மிகுதியாகப் பிடித்திருக்கும் நிரலே பெரும்பாலும் அதற்குப் பலியாகும். மதிப்பெண்களை வைத்திருக்கும் தரவுத்தளமே பலியாகிவிட்டால் ஒருவருக்கும் விடை கிடைக்காது.

சுழலும் வட்டுக்குப் பதில் திண்ம நிலை வட்டைப் போடுவதும், நினைவகத்தைக் கூட்டுவதும் உண்மையான உதவிகளே. ஆயினும் திண்ம நிலை வட்டும் நினைவகத்தைப் பார்க்க ஆயிரம் மடங்கு மெதுவானது என்பதை மறக்கலாகாது. நோய் எது என்று அறிந்தபின் வாங்கும் மருந்தே பயன்படும்.

நிர்வாகியின் குறிப்பேடு

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. அனுபவமுள்ள நிர்வாகி அமைப்புக் கோப்பைத் திறக்கும் முன் அதன் பிரதி ஒன்றைத் தேதியிட்டு எடுத்துவைப்பார். எந்த மாற்றத்தையும் உடனே பழைய நிலைக்குத் திருப்ப முடிய வேண்டும் என்பது முதல் விதி.

இரண்டாவது, மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒரே விதமாக அளப்பது. அப்பாச்சியுடனேயே ஏ.பி. என்றொரு சோதனை நிரல் வருகிறது. நூற்றுக்கணக்கான பயனர்கள் ஒரே நேரத்தில் வந்ததுபோல வேண்டுகோள்களை அது அனுப்பும். அதனால் மாணவர்கள் வரும் நாள் வரை காத்திராமல், முந்திய வாரத்தில் ஓர் இரவிலேயே சோதித்துவிடலாம். முடிவு வெளியாகும் நாளில் காலை 10 மணிக்குக் கோப்பைத் திருத்துபவர் நல்ல நிர்வாகி அல்லர்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான்கு எண்களை ஒன்றாக மாற்றி வேகம் கூடினால், எதனால் கூடியது என்று தெரியாது. அவற்றுள் ஒன்று கெடுதல் செய்திருந்தாலும் மற்றதன் நன்மையில் அது மறைந்துவிடும். பின்னொரு நாள் தலைகாட்டும்.

நான்காவது, எழுதிவைப்பது. எந்தத் தேதியில், எந்த எண்ணை, எதிலிருந்து எதற்கு, ஏன் மாற்றினோம், அளந்தபோது என்ன கண்டோம் என்ற ஐந்தும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து, "50 என்பது மிகக் குறைவு; 256 ஆக்கிவிடலாம்" என்று எண்ணும்போது அந்தக் குறிப்புதான் அவர் கையைப் பிடித்து நிறுத்தும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எழுதும் குறிப்பேட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

இவற்றை அறிய பெரிய கணிப்பொறி தேவையில்லை. வீட்டிலோ பள்ளியிலோ விண்டோஸ் உள்ள கணிப்பொறி இருந்தால், ஆசிரியர் அல்லது பெரியவர் அனுமதியுடன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் என்ற பலகை தோன்றும். செயலி, நினைவகம், வட்டு ஆகிய மூன்றும் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பதை அதில் காணலாம்.

ஒன்றும் திறக்காத நிலையில் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் அவற்றை எழுதுங்கள். நினைவகத்தின் எண் ஏறிக்கொண்டே போய் உச்சத்தை நெருங்கும்போது வட்டின் எண் என்ன ஆகிறது, செயலியின் எண் என்ன ஆகிறது என்று பாருங்கள். நினைவகம் குறைவான பழைய கணிப்பொறியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். பின்னர் நிரல்கள் சிலவற்றை மூடி, எந்த இடத்தில் இயந்திரம் மீண்டும் மூச்சுவிடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. பார்ப்பதும் எழுதுவதும் மட்டுமே.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மெதுவாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ கணிப்பொறிகள் உண்மையில் கிழடாகிவிடவில்லை என்பது புலப்படும். ஒன்றுக்கு நினைவகம் ஒரு துண்டு கூட்டினால் போதும்; மற்றொன்றில் தேவையில்லாமல் ஓடும் நிரல்களை நிறுத்தினால் போதும். மூன்றாவதற்குப் புதிய இயந்திரமே வேண்டியிருக்கலாம். எது எது என்பதைச் சொல்ல உங்களிடம் இப்போது எண்கள் இருக்கின்றன.

அடுத்த முறை கணிப்பொறி நின்றுவிட்டதுபோலத் தோன்றும்போது, பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது இப்போது எதற்காகக் காத்திருக்கிறது?